பத்து நாள், கூட அம்மா, பத்து வயதுப் பையன்: ஐரோப்பாவில் எத்தனை நகரம் போடலாம்?

ராகவி_கோவை:
எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் கிளம்புகிறோம். நான், கணவர், பத்து வயதுப் பையன், என் அம்மா. அம்மா நன்றாக நடப்பார், ஆனால் படிக்கட்டு என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. டிராவல் ஏஜெண்ட் போட்டுக் கொடுத்த திட்டம் இது: பாரிஸ் 2 இரவு, இண்டர்லாக்கன் 2, வெனிஸ் 1, போகிற வழியில் ஃப்ளாரன்ஸ் அரை நாள், ரோம் 2, வியன்னா 1, ப்ராக் 1. பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. பஸ் டூரில் போக விருப்பமில்லை, நாங்களே பார்த்துப் பார்த்துப் போக வேண்டும் என்று ஆசை. எதை வெட்டலாம், எங்கே தங்கலாம், எதற்கெல்லாம் முன்பதிவு வேண்டும்? போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

நெடுநடை:
இரண்டு நகரம் போதும். அவசரமாகச் சொல்வதாக நினைக்காதீர்கள், உங்கள் ஏஜெண்டின் தாளை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரிஸிலிருந்து இண்டர்லாக்கன் ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அங்கிருந்து வெனிஸ் வண்டி மாறி மாறி சுமார் ஆறு மணி நேரம். வெனிஸிலிருந்து ரோம் நான்கு மணி நேரம், நடுவில் ஃப்ளாரன்ஸில் இறங்கினால் பெட்டிகளை லாக்கரில் வைத்து எடுக்கிற வேலை வேறு. ரோமிலிருந்து வியன்னா விமானம் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, வந்து சேர்வது எல்லாம் சேர்த்தால் அரை நாள் காலி. வியன்னா-ப்ராக் நான்கு மணி நேரம். இதற்கு மேல் ஒவ்வொரு ஊரிலும் காலை பத்து, பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். இடைப்பட்ட நேரம் முழுக்கப் பெட்டியும் கையுமாக நிற்கப்போவது உங்கள் அம்மாதான்.

என் யோசனை: ரோம் 5 இரவு, வியன்னா 4 இரவு. போகும்போது ரோமில் இறங்குங்கள், திரும்பும்போது வியன்னாவில் ஏறுங்கள். விமான டிக்கெட் தேடும்போது 'மல்டி சிட்டி' என்று போட்டுத் தேடினால் வரும், பல நேரம் போய்-வரும் டிக்கெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்த இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று நேர் எதிர், ஒன்று வெயிலும் இரைச்சலும் கற்களும், மற்றது ஒழுங்கும் ட்ராமும் காபியும். பையனுக்கும் போரடிக்காது.

சேகர்_பெங்களூர்:
நெடுநடை சொல்வது ஐரோப்பாவுக்கு அடிக்கடி போகிறவர்களுக்குச் சரி. ராகவி மேடம் நிலைமை வேறு. நான்கு பேருக்கு விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் செலவழித்துப் போகிறார்கள், அம்மாவுக்கு இன்னொரு முறை வாய்க்குமா என்று யாருக்குத் தெரியும்? ஈஃபிள் கோபுரம் பார்க்காமல் வந்தால் ஊரில் கேட்க மாட்டார்களா? என் மாமனார் மாமியார் பஸ் டூரில்தான் போனார்கள். பெட்டியை யாரோ தூக்கினார்கள், இரவு சாதம் சாம்பார் கிடைத்தது, வழி தெரியாமல் அலைய வேண்டியதில்லை. திரும்பி வந்து இன்றுவரை சந்தோஷமாகப் பேசுகிறார்கள். அதை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள்.

நெடுநடை:
//பெட்டியை யாரோ தூக்கினார்கள், இரவு சாதம் சாம்பார் கிடைத்தது//

சேகர் சார், இதை மதிக்கிறேன். தனியாக ஏற்பாடு செய்ய முடியாதவர்களுக்கு, மொழி குறித்துப் பயம் உள்ளவர்களுக்கு பஸ் டூர் நல்ல வழிதான். ஆனால் ராகவி தாங்களே போவதாகச் சொல்லிவிட்டார். தனியாகப் போய்க்கொண்டே பஸ் டூர் வேகத்தில் ஓடினால் இரண்டிலும் உள்ள கஷ்டம் மட்டும்தான் மிஞ்சும், பெட்டி தூக்கவும் ஆள் கிடையாது, நின்று பார்க்கவும் நேரம் கிடையாது. 

அப்புறம் ஐரோப்பிய நகரத்தின் அழகு பெயர் பெற்ற பத்து இடங்களில் மட்டும் இல்லை. அந்த இடங்களுக்கு நடுவில் உள்ள தெருக்களில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ரோமின் நவோனா சதுக்கம் எப்படி இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு அதே இடம் எப்படி மாறுகிறது, பக்கத்துத் தெரு ரொட்டிக்கடையில் எப்போது கூட்டம் வருகிறது, இதெல்லாம் மூன்றாவது நாளில்தான் கண்ணில் படும். முதல் நாள் தூக்கக் கலக்கம், இரண்டாம் நாள் வழி தேடுவது, மூன்றாம் நாள்தான் ஊர் பழகும். ஏஜெண்ட் திட்டத்தில் எந்த ஊருக்கும் மூன்றாம் நாளே இல்லை.

ஈஃபிள்தான் வேண்டும் என்றால் பாரிஸைத் தாராளமாகப் போடுங்கள், ஆனால் அப்போது ரோமையோ வியன்னாவையோ எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை இரண்டைத் தாண்டக்கூடாது.

லாசப்பல்_வாசி:
பாரிஸில் இருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சகோதரி, அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் பாரிஸ் மெட்ரோவை நம்பி வராதீர்கள். முழுக்க லிஃப்ட் வசதி உள்ள மெட்ரோ பாதை 14-ஆம் எண் ஒன்றுதான். மற்ற நிலையங்களில் வண்டி மாறுவதற்கே நீண்ட சுரங்க நடையும் படிகளும் வரும். அதற்குப் பதிலாக பஸ் எடுங்கள். 69-ஆம் எண் பஸ் பஸ்தீ சதுக்கத்திலிருந்து லூவ்ர் அருங்காட்சியகத்துப் பக்கமாகப் போய், சென் ஆற்றைத் தாண்டி ஈஃபிள் அடிவாரத்துப் புல்வெளி வரைக்கும் போகும். சாதாரண டிக்கெட்தான், யன்னல் சீட்டில் அம்மாவை இருத்தினால் பாதிப் பாரிஸைப் பார்த்துவிடுவார். 

லூவ்ர் செவ்வாய் பூட்டு, ஒர்சே அருங்காட்சியகம் திங்கள் பூட்டு. லூவ்ர் புதன், வெள்ளியில் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும், சனம் குறைவான நேரம் அதுதான். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற பெரியவர்களுக்கு லூவ்ர் டிக்கெட் 32 யூரோவாகிவிட்டது, பதினெட்டு வயதுக்குள் இலவசம். நோத்ர தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தாயிற்று, உள்ளே போகக் காசு இல்லை.

கடைக்குள் போனதும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். சொல்லாமல் நேராக விலை கேட்டால் மரியாதைக் குறைவாக எடுப்பார்கள், பாரிஸ்காரர் முகம் கொடுக்க மாட்டார்கள் என்று வருகிற பேச்சில் பாதி இதனால்தான். சாப்பாட்டுக் கடையில் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் காசில்லாமல் வைப்பார்கள், அது சட்டம். மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பல் வந்தால் தோசை, இடியப்பம், புட்டு எல்லாம் இருக்கிறது. 

ஆனால் நெடுநடை சொன்னதுதான் என் கருத்தும். பாரிஸ் என்றால் ஐந்து நாள் வாருங்கள். இரண்டு இரவுக்கு வருவதென்றால் வேண்டாம், இன்னொரு தடவை ஆறுதலாக வாருங்கள்.

ராகவி_கோவை:
மிக்க நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். கணவருக்குப் பாரிஸை விட மனமில்லை, ஆனால் மெட்ரோ படிக்கட்டு விஷயத்தைக் கேட்டதும் அவரே ரோம்-வியன்னாவுக்கு ஒத்துக்கொண்டார். ரோமில் எந்தப் பகுதியில் தங்குவது? கொலோசியம், வத்திக்கான் தவிர வேறு எதற்கு முன்பதிவு? அம்மா சாப்பாடுதான் இப்போது பெரிய கவலை.

நெடுநடை:
தங்குவதற்கு ப்ராத்தி பகுதியைப் பாருங்கள். வத்திக்கானுக்குப் பக்கம், தெருக்கள் சமதளம், நடைபாதை அகலம். மோந்தி அழகான இடம்தான், கொலோசியத்துக்குப் பக்கம், ஆனால் மேடு பள்ளம். தெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி வாடகை குறைவாக இருக்கும், மாலை நடைக்கு ஏற்ற பகுதி இல்லை. எந்த அபார்ட்மெண்ட் எடுத்தாலும் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள், பழைய கட்டடங்களில் மூன்றாம் மாடிக்கும் படிதான். வாடகை தவிர ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள், அது முறையான வரி, ஏமாற்று இல்லை.

முன்பதிவு மூன்றே மூன்று. கொலோசியம்: அதிகாரப்பூர்வ தளத்தில் ஒரு மாதம் முன்னால்தான் விற்பனை திறக்கும், டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அதே டிக்கெட்டில் ரோமன் ஃபோரமும் பலத்தீன் குன்றும் சேர்ந்தே வரும். கொலோசியத்தில் மேல்தளத்துக்கு லிஃப்ட் உண்டு, நுழைவிடத்தில் அம்மாவைக் காட்டிக் கேளுங்கள். ஃபோரம் அப்படியில்லை, பழைய ரோமானியர் போட்ட பெரிய பெரிய கற்பாதை, ஒவ்வொரு கல்லும் ஒரு உயரம். அம்மாவை அங்கே இறக்காதீர்கள். பின்பக்கம் காம்பிதோலியோ மேட்டில் டாக்ஸியில் இறங்கினால் ஃபோரம் முழுவதையும் மேலிருந்து காசில்லாமல் பார்க்கலாம், மாலை வெயிலில் அதுதான் நல்ல காட்சியும்கூட.

வத்திக்கான் அருங்காட்சியகம்: ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்குப் போகவே போகாதீர்கள், அவ்வளவு கூட்டம். உள்ளே சிஸ்டைன் சேப்பல் வரை போவது நீண்ட நடை. சக்கர நாற்காலி இலவசமாகக் கொடுக்கிறார்கள், அம்மா கூச்சப்பட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். புனித பேதுரு பேராலயம் தனி, அதற்குக் கட்டணம் இல்லை, காலை ஏழு மணிக்கே திறந்துவிடும், எட்டுக்குள் போனால் பாதுகாப்பு வரிசை சின்னது. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், பையன் அரை டிராயரில் வந்தால் நிறுத்திவிடக்கூடும். கூரைக்கு லிஃப்ட், அதற்கு மேல் குவிமாடத்துக்கு இன்னும் 320 படி. அப்பாவும் பையனும் ஏறட்டும்.

மூன்றாவது போர்கேசே கலைக்கூடம். இதை ஏஜெண்ட்டுகள் யாரும் போடுவதில்லை, எனக்கு ரோமில் மிகவும் பிடித்த இடம் இது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழு என்று அளவாகத்தான் உள்ளே விடுகிறார்கள், திங்கள் விடுமுறை. பெர்னினி செதுக்கிய அப்பல்லோ-டாஃப்னி சிலை இங்கேதான். ஓடுகிற பெண்ணின் விரல் நுனிகள் இலையாக மாறுகிற அந்த நொடியைப் பளிங்கில் வடித்திருக்கிறார். சுற்றி வந்து பாருங்கள், ஒவ்வொரு கோணத்திலும் கதை ஒரு படி நகரும். கோயில் சிற்பம் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும். வெளியே வந்தால் பெரிய பூங்கா, பையன் ஓடலாம்.

மற்ற எதற்கும் நேரம் குறித்து வைக்காதீர்கள். காலை ஒன்று, மாலை ஒன்று, நடுவில் அறைக்குத் திரும்பி ஓய்வு. ரோமின் பல தேவாலயங்கள் மதியம் பன்னிரண்டரைக்கு மூடி நாலு மணி சுமாருக்குத்தான் திறக்கும், ஆகையால் மதியம் அலைந்தும் பயனில்லை. கால் வலித்தால் எந்தத் தேவாலயத்திலும் உள்ளே போய் உட்காரலாம், நிழல், அமைதி, பெஞ்ச், பெரும்பாலும் இலவசம். நவோனா பக்கத்தில் சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜ்ஜோவின் புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று இருக்கின்றன. உலகின் பெரிய மியூசியங்கள் ஏங்குகிற படங்கள், அங்கே சும்மா நின்று பார்க்கலாம்.

தண்ணீர் பாட்டிலுக்குச் செலவு செய்யாதீர்கள். தெருவெங்கும் 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள், இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, எந்நேரமும் ஓடுகிற குளிர்ந்த குடிதண்ணீர். பான்தியோன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்கு 2023-லிருந்து கட்டணம் உண்டு, கொடுக்கத் தகும். ஸ்பானிஷ் படிகளில் உட்கார்ந்தால் அபராதம், 2019-லிருந்து.

மீனா_மிலான்:
சாப்பாடு பற்றி நான் சொல்கிறேன் ராகவி. முட்டை சாப்பிடாதவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: உலர்ந்த பாஸ்தா, அதாவது ஸ்பகெட்டி, பென்னே, ரிகத்தோனி இதெல்லாம் பொதுவாகக் கோதுமையும் தண்ணீரும் மட்டும்தான். ஃப்ரெஷ் பாஸ்தா என்று பெருமையாகச் சொல்கிறார்களே, ஃபெத்துச்சீனே, தாலியத்தெல்லே, ரவியோலி, அதில்தான் முட்டை. ஆக அம்மாவுக்குக் கேட்க வேண்டியது தக்காளி சாஸ் போட்ட ஸ்பகெட்டி, 'அல் பொமதோரோ'. 'சென்சா உவோவா' என்றால் முட்டை இல்லாமல், 'சென்சா கார்னே' என்றால் கறி இல்லாமல், ஆனால் மீனைக் கறியில் சேர்க்காத ஆட்கள் உண்டு, அதனால் 'சென்சா பெஷே' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது.

பார்மிஜானோ, பெக்கொரீனோ சீஸ் இரண்டும் கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட் (பாலைத் திரிய வைப்பது) சேர்த்துத்தான் செய்வார்கள். அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் சீஸ் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே தூவிக் கொண்டுவருவார்கள். பீட்சாவில் மரினாரா கேளுங்கள், தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், சீஸே கிடையாது. பெயரைப் பார்த்துக் கடல் உணவு என்று பயப்படாதீர்கள், ஆனாலும் சில கடைகளில் நெத்திலி சேர்ப்பதுண்டு, அதனால் கேட்டுவிடுங்கள். எடை போட்டு வெட்டித் தருகிற பீட்சாக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கும், கண்ணால் பார்த்தே வாங்கலாம். 

ரோமில் கீரை நன்றாகச் சமைப்பார்கள். 'சிகோரியா ரிபசாத்தா' என்று கேளுங்கள், சிக்கரிக் கீரையை வேகவைத்துப் பூண்டும் மிளகாயும் போட்டு வதக்குவது, அம்மாவுக்கு வீட்டுப் பொரியல் சாப்பிட்ட மாதிரி இருக்கும். 'புந்தரெல்லே' மட்டும் வேண்டாம், அதுவும் கீரைதான் ஆனால் நெத்திலி மீன் சாஸ். மினெஸ்த்ரோனே சூப்பில் சில இடங்களில் இறைச்சித் தண்ணீர் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீமில் 'கிரேமா' வகையில் முட்டை மஞ்சள்கரு, பழத்தில் செய்கிற 'சொர்பெத்தோ' பாலே இல்லாதது, ஆனாலும் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாதம் இல்லாமல் முடியாது என்றால் சமையலறை உள்ள வீடு எடுங்கள். விட்டோரியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் எஸ்குலீனோ மார்க்கெட் இருக்கிறது, இந்திய, வங்கதேசக் கடைகள் நிறைய, பருப்பு, மசாலா, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். மதியக் கடைகள் இரண்டரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிடும், இரவு ஏழரைக்குத்தான் மறுபடி. பையனுக்குப் பசிக்கும், பையில் ஏதாவது வைத்திருங்கள். காபியை பார் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை, முக்கியமான சதுக்கங்களில் பல மடங்கு.

இன்னொன்று, பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், நானே சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் வீடுகளின் குளியலறையில் பிடே (கழுவிக்கொள்கிற தண்ணீர்த் தொட்டி) இருக்கும், 1975-லிருந்து சட்டப்படி கட்டாயம். தண்ணீர் பிரச்சினை இல்லை. வியன்னாவில் அது கிடையாது, கையோடு ஒரு மக் எடுத்துப் போங்கள்.

வியன்னா_ட்ராம்:
வியன்னா பற்றி இவ்வளவு தாமதமாக வந்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், வேலை அதிகம். நான்கு இரவு சரியான அளவு. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஐரோப்பாவில் இதைவிடச் சுலபமான பெருநகரம் எனக்குத் தெரியாது. சுரங்க ரயில் நிலையங்களில் லிஃப்ட், பெரும்பாலான ட்ராம் தாழ்தளம், நடைபாதையிலிருந்து அப்படியே ஏறலாம். முதல் நாள் எந்த மியூசியமும் வேண்டாம், 1, 2, D எண் ட்ராம்களில் நகர மையத்தைச் சுற்றிப் போகிற ரிங் சாலையைச் சுற்றுங்கள், ஒபரா, பாராளுமன்றம், நகரமன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் வரிசையாக வரும். தாளில் வாங்கும் டிக்கெட்டை முதல் தடவை மிஷினில் முத்திரை குத்த வேண்டும். இங்கே நுழைவுக் கதவே கிடையாது, அதனால் யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்துவிடுவார்கள், சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், அபராதம் நூறு யூரோவுக்கு மேல்.

விமான நிலையத்துக்குப் பச்சை நிற விரைவு ரயிலை எல்லா இடத்திலும் விளம்பரம் செய்திருப்பார்கள். தேவையில்லை. S7 புறநகர் ரயிலோ, மத்திய நிலையத்துக்குப் போகிற ரயில்ஜெட்டோ அதைவிட மிகவும் மலிவு, நேரத்திலும் பெரிய வித்தியாசமில்லை.

உங்கள் கணவருக்கு மியூசியம் பிடிக்குமானால் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் ஒன்று போதும், ஒரு முழு அரை நாள் கொடுங்கள். பீட்டர் ப்ரூகல் ஓவியங்கள் உலகிலேயே அதிகமாக இருக்கும் இடம், பன்னிரண்டு, ஒரே அறையில். 1565-இல் வரைந்த பனி வேட்டைக்காரர் படத்தின் முன்னால் சோபா போட்டிருக்கிறார்கள், அம்மா உட்கார்ந்தே பார்க்கலாம். படத்தின் ஓரத்தில் பனியில் விளையாடுகிற குட்டி மனிதர்களை எண்ணச் சொன்னால் பையன் அரை மணி நேரம் நகரமாட்டான். எதிரே அதே மாதிரி கட்டடம், இயற்கை வரலாற்று மியூசியம், டைனோசர், விண்கல், வில்லெண்டார்ஃப் வீனஸ் என்ற பழங்கற்காலச் சிலை. பத்தொன்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டிலும் இலவசம். 

காபிக்கடையில் அவசரமே படாதீர்கள். ஒரு மெலாஞ் (பால் காபி) வாங்கினால் சின்னத் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வரும், அதை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தண்ணீரும் குழாய்த் தண்ணீர்தான், ஆல்ப்ஸ் ஊற்றுகளிலிருந்து 1873-இல் போட்ட குழாய்வழி வருவது. பாட்டில் வாங்க வேண்டாம்.

ஒரு மாலை ஹைலிகன்ஸ்டாட் நிலையத்திலிருந்து 38A பஸ் பிடித்துக் காலன்பெர்க் குன்றுக்குப் போங்கள். பஸ் உச்சி வரை போகும், ஏற வேண்டியதில்லை. கீழே திராட்சைத் தோட்டங்கள், டான்யூப் ஆறு, முழு நகரம். அக்டோபரில் இலை நிறம் மாறியிருக்கும்.

ஞாயிறு சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடி, பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே பால், தயிர், பழம் வாங்கி வையுங்கள். வீடு எடுக்கும்போது கவனம்: பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் 'ஹோக்பார்டெர்', 'மெசனீன்' என்று தளங்கள் ஒளிந்திருக்கும். முதல் மாடி என்று நம்பிப் போனால் மூன்று மாடி ஏற வேண்டி வரும்.

சேகர்_பெங்களூர்:
இவ்வளவு விவரம் வந்த பிறகு என் வாதத்தில் கொஞ்சம் இறங்கி வருகிறேன், நான்கு நாள் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்பது புரிகிறது. ரோம்-வியன்னா நடுவில் இரவு ரயில் இருக்கிறதாமே, பையனுக்கு அது பெரிய அனுபவமாக இருக்காதா?

நெடுநடை:
இருக்கிறது, நைட்ஜெட். மாலையில் தெர்மினியில் ஏறினால் மறுநாள் காலை வியன்னா. நான்கு பேர் என்பதால் கூஷெட் (அடுக்குப் படுக்கை) அறையை முழுதாக எடுத்துக்கொள்ளலாம், தனியார் அறை என்று தனிக் கட்டணம் உண்டு, வேறு ஆட்கள் வரமாட்டார்கள். ஒரு இரவு வாடகையும் மிச்சம். அம்மாவுக்குக் கீழ் படுக்கை. பாதை வேலை நடக்கும் மாதங்களில் நேரம் மாறும், அதனால் பதிவு செய்யும்போதும் கிளம்பும் வாரத்திலும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ரயிலில் தூக்கம் வராது என்றால் விமானமே எடுங்கள், மறுநாள் முழுக்கச் சோர்வாக இருப்பதைவிட அது மேல்.

சுபா_விசாகுறிப்பு:
விசா பக்கம்: அதிக இரவு தங்குகிற நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ரோம் 5, வியன்னா 4 என்றால் இத்தாலி. இரவு ரயில் எடுத்தால் அந்தக் கணக்கு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் 45, விசா மையக் கட்டணம் தனி. ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம், அக்டோபருக்கு என்றால் ஜூலைக்குள் அப்பாயிண்ட்மெண்ட் பிடித்துவிடுங்கள், கோடையில் இடமே கிடைக்காது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பையனுக்குப் பன்னிரண்டு ஆகாததால் கைரேகை கேட்க மாட்டார்கள். ஷெங்கன் (ஒரே விசாவில் போகிற ஐரோப்பிய நாடுகள்) எல்லையில் முத்திரைக்குப் பதில் இப்போது கணினிப் பதிவு, அதற்கு வரிசை நீளும், ரோமில் இறங்கிய அன்று எதற்கும் டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள்.

கார்டு தேய்க்கும்போதும் ஏடிஎம்மிலும் 'ரூபாயிலா யூரோவிலா' என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த விகிதத்தில் கணிசமாகப் போய்விடும். ரோமில் 64-ஆம் எண் பஸ்ஸும் மெட்ரோ A பாதையும் பிக்பாக்கெட்டுக்குப் பெயர் போனவை, கதவருகில் நிற்காதீர்கள், போன் பின்பாக்கெட்டில் கூடாது. கையில் கயிறு கட்ட வருகிறவர், கையெழுத்துக் கேட்கிறவர், யாராக இருந்தாலும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

ராகவி_கோவை:
எல்லோருக்கும் நன்றி, அம்மாவிடம் படித்துக் காட்டினேன், சிகோரியா கீரை பற்றித்தான் இரண்டு தடவை கேட்டார். இப்படிப் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். ஞாயிறு ரோம் வருகை, ஓய்வு. திங்கள் பையனும் கணவரும் ஓஸ்தியா ஆன்தீகா (பழைய ரோமானியத் துறைமுக ஊரின் இடிபாடுகள்), நானும் அம்மாவும் பக்கத்துத் தெருக்கள். செவ்வாய் போர்கேசே. புதன் காலை பேதுரு பேராலயம், மதியத்துக்கு மேல் வத்திக்கான் மியூசியம். வியாழன் கொலோசியம். வெள்ளி விமானத்தில் வியன்னா. அங்கே எதையும் நாள் குறிக்கவில்லை.

நெடுநடை:
அருமை, மூன்றே திருத்தம். ஓஸ்தியா திங்கள் மூடியிருக்கும், அதைச் செவ்வாய்க்கு மாற்றிவிடுங்கள். பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய நிலையத்திலிருந்து சாதாரண நகர டிக்கெட்டிலேயே ரயில் போகும். பழைய அரங்கம், வீடுகள், கல் மேடை வைத்த சாப்பாட்டுக் கடை, வரிசையாக உட்காரும் பொதுக் கழிப்பறை வரை அப்படியே இருக்கிறது, பையன் அதைத்தான் ஊரில் எல்லோரிடமும் சொல்வான். போர்கேசேவை வியாழன் மாலைக்கு வையுங்கள், கொலோசியத்தைக் காலை முதல் நுழைவில் முடித்துவிட்டு மதியம் அறையில் தூங்கிவிட்டுப் போகலாம்.

புதன் காலை போப் பொதுமக்களைச் சந்திக்கிற நாள், சதுக்கம் நிரம்பிவிடும், பேராலயத்துக்குள் மதியம் வரை போக முடியாமலும் ஆகலாம். பேராலயத்தைத் திங்கள் காலைக்குக் கொண்டுவாருங்கள், தூக்கம் நேரம் மாறி எப்படியும் நாலு மணிக்கே எழுந்துவிடுவீர்கள், ஏழு மணிக்கு அங்கே நிற்கலாம். புதன் மியூசியம் மட்டும் இருக்கட்டும். கொலோசியம் டிக்கெட் திறக்கிற நாளைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள், பையனுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் அவன் பெயரிலும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும்.